அடுத்தவர் வாசலில் நிற்கச் சொன்ன சபாபதி

சபாபதி ஐயா இறந்த செய்தி துவரம்பருப்போடு சேர்ந்து என் கடைக்கு வந்தது. நம் தமிழ்ச் சங்கத் தலைவர் சனிக்கிழமை காலையில் சாமான் வாங்க வந்திருந்தார். பருப்பையும் புளியையும் நான் எடைபோட்டுக்கொண்டிருந்தபோது, திடீரென்று நினைவு வந்தவர்போல, "ரொக்ஸ்பரோல ஒரு பெரியவர் தவறிட்டாராம். ரங்கூன்ல போலீஸ்ல ஏதோ சின்ன வேலையில இருந்தவர். உங்க கடைக்குக்கூட வருவாரே?" என்றார்.

"சபாபதி ஐயாவா?"

"ஆமா, அந்தப் பேர்தான். பெருங்காயம் இருக்கா?"

பெருங்காயம் இருந்தது. கொடுத்தேன். அவர் போனதும் கடையைப் பூட்டிவிட்டு, நகரத்தின் ஓரத்தில் இருக்கும் ரொக்ஸ்பரோவுக்கு ரயில் ஏறினேன்.

ரொக்ஸ்பரோ வீட்டில் அவருடைய மகள் விசாலாட்சி என்னைப் பார்த்ததும், "சித்தப்பா, உங்களுக்குத்தான் முதல்ல போன் பண்ணினேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்தது" என்றாள். நான் அப்போது கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்திருப்பேன். வாசலில் நம்மவர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்கள். டாக்டர்கள், எஞ்சினியர்கள், பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்பவர்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் உள்ளே கிடந்த மனிதர் என்ன செய்தவர் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வாய்ப்பு வந்தபோதும் அவர்கள் தெரிந்துகொள்ளவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சங்கத்தின் பொங்கல் மலரில் அவரைப் பற்றிப் பத்து வரி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். "அரசுப் பணியில் இருந்தவர், பக்திமான், பேரக்குழந்தைகளிடம் அன்புள்ளவர்னு போட்டா போதும். அந்த ஜப்பான் சமாசாரம் வேண்டாமே" என்றார் தலைவர். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். எனக்குத் தெரிந்த தமிழும் ஆங்கிலமும் பொட்டலம் கட்ட வந்த பழைய பத்திரிகைகளிலிருந்து நானே படித்துக்கொண்டவை. சுருக்கி எழுதும் வித்தை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஆகவே நீளமாகவே எழுதுகிறேன். ஜப்பான் சமாசாரத்தையும் எழுதுகிறேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் செவ்வாய்க்கிழமைப் பெரியவர். மகளுடன் இருக்க இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த வருடத்திலிருந்தே செவ்வாய்தோறும் ரொக்ஸ்பரோவில் ரயிலேறி மவுண்ட் ராயலில் இறங்குவார். பெரிய வீடுகள் இருக்கும் அந்த ஊரையும் குடியேறி வந்தவர்கள் நெருக்கிக்கொண்டு வாழும் எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷனையும் பிரிக்கிற கம்பி வேலியின் சின்னக் கதவு வழியாக நுழைந்து என் கடைக்கு வருவார். "வேலின்னா கதவு எங்க இருக்குன்னுதான் முதல்ல பார்க்கணும் தம்பி" என்பார். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுக்கொள்வார். கடைக்கு வருகிறவர்கள் போகிறவர்களை எல்லாம் கவனிப்பார். பாதி நேரம் பேச மாட்டார். பேசினால் ரங்கூன்தான்.

போருக்கு முன்பு அவர் அந்த நகரத்துப் போலீஸில் ஏட்டாக இருந்தார். குண்டு விழத் தொடங்கியதும் நம்மவர்கள் ஆயிரமாயிரமாக நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். சபாபதியின் மனைவிக்கு அப்போது நிறைமாதம். நடக்க முடியாது. அவர் தங்கினார். விசாலாட்சி பதுங்குகுழியில் பிறந்தாள். ஜப்பானியர் வந்து, பழைய போலீஸ்காரர்கள் வேலைக்கு வரலாம் என்றபோது அவர் போனார். அவரைப்போலத் தங்கிவிட்ட வேறு பலரும் போனார்கள். இதுதான் நம் தலைவருக்கு வேண்டாத சமாசாரம். அவர் ஜப்பானியரிடம் வேலை பார்த்தார். அரிசிக் கிடங்குக்கும் குடியிருப்புத் தெருக்களுக்கும் காவல் இருந்தார். அதை மறைக்க அவரும் முயலவில்லை, நானும் முயலப்போவதில்லை.

போர் முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தபோது நகரத்தில் கூரை உள்ள வீடு அபூர்வம். தண்ணீர் இல்லை, விளக்கு இல்லை. கடைக் கதவுகளைப் பெயர்த்து அடுப்பெரித்தார்கள். தமிழர், பர்மாக்காரர், சீனர், முஸ்லிம்கள் ஒருவர் தெருவில் ஒருவர் கால் வைக்கப் பயந்தார்கள். ராணுவ அதிகாரி ஒருவர் சபாபதியைக் கூப்பிட்டு, துறைமுகத்தை ஒட்டிய சில தெருக்களைக் காட்டி, இங்கேயே ஆள் எடுத்து இங்கேயே ஒரு போலீஸ் உண்டாக்கு என்றார். சீருடை கிடையாது, லத்தி கிடையாது, ஊதல்கூடக் கிடையாது. சாக்குத் துணியைக் கிழித்துக் கையில் கட்டிக்கொண்டார்கள். ஆபத்து என்றால் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டினார்கள்.

முதலில் அவர் செய்தது யாரும் செய்யக்கூடியதுதான். தமிழ்த் தெருவுக்குத் தமிழன், பர்மாத் தெருவுக்குப் பர்மாக்காரன் என்று காவல் போட்டார். அவனவனுக்கு அவனவன் தெருவில் அக்கறை இருக்கும் என்று நினைத்தார். ஒரு நாள் காலையில் பர்மாத் தெருவில் ஒரு தையல்காரியின் வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. தையல் இயந்திரம் எதிர்த் தமிழ்த் தெருவில் ஒரு வீட்டு முற்றத்தில் கோணியால் மூடிக் கிடந்தது. சபாபதி தமிழ்த் தெருக் காவலனைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்.

அந்தப் பதிலை அவர் என்னிடம் சொல்லும்போதெல்லாம் அதே குரலில் நடித்துக் காட்டுவார். "'நம்ம தெருவில ஒண்ணும் காணாமப் போகலீங்களே ஐயா'ன்னான். பொய் சொல்லலை மாணிக்கம். நெஞ்சைத் தொட்டுச் சொன்னான். நான் போலீஸ் உண்டாக்கலை. தெருவுக்கு ஒரு ரவுடிக் கூட்டம் உண்டாக்கி, கையில துணியும் கட்டி விட்டிருக்கேன்."

அன்றே ஆட்களை மாற்றிப் போட்டார். தமிழன் பர்மாத் தெருவில், பர்மாக்காரன் தமிழ்த் தெருவில், சீனன் முஸ்லிம் தெருவில். அதோடு இன்னொரு விதியும் வைத்தார். காவல் நிற்கும் தெருவில்தான் சாப்பிட வேண்டும். வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வரக்கூடாது. நம்மவர்கள் ஙப்பி என்ற அந்த மீன் விழுதின் வாசனைக்கே மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பர்மாக்காரப் பையன்கள் ரசத்தைக் குடித்துவிட்டு மருந்து என்று நினைத்தார்கள். "ஒரு சைவப் பிள்ளை வாழைப்பழத்தைத் தின்னுக்கிட்டே காவல் நின்னான். கடைசில அந்த வீட்டம்மாவுக்கே மனசு பொறுக்கலை. தனிச் சட்டியில பயறு வேக வச்சுக் கொடுத்தா. அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் ஒரு பூனை போனாக்கூட அவனுக்குத் தெரியும்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு முடிந்ததும், "சோறு போட்ட வாசலை எவனும் விட்டுக் கொடுக்க மாட்டான்" என்பார்.

இதெல்லாம் கிழவர்கள் சொல்லும் பழங்கதை என்று நானும் நினைத்திருக்கலாம். அறுபத்தொன்பது அக்டோபரில் இந்த நகரத்துப் போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த அந்த ஒரு நாள் என்னை அப்படி நினைக்கவிடவில்லை. அதுவும் செவ்வாய்க்கிழமை. ரேடியோவில் வங்கிக் கொள்ளை, கண்ணாடி உடைப்பு என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. மாலையில் எங்கள் தெருவில் எல்லோரும் அவரவர் கடை முன்னால் நின்றார்கள். எதிரில் ரொட்டிக் கடை வைத்திருந்த கிரேக்கர் ஸ்டாவ்ரோஸ் ரொட்டி தேய்க்கும் கட்டையோடு நின்றார். முனையில் சிகரெட்டும் பாலும் விற்ற மதாம் லூசி தன் தம்பியை வரவழைத்திருந்தாள். நான் கதவுக்குக் குறுக்கே போடும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டேன்.

சபாபதி ஐயா மூட்டையை விட்டு எழுந்து வந்தார். "அதைக் கீழ வை."

"என் கடை ஐயா இது."

"அதனாலதான் சொல்றேன். நீ போய் அந்த அம்மா கடை முன்னால நில்லு. ரொட்டிக்காரரை உன் கடை முன்னால நிக்கச் சொல்லு. அந்த அம்மாவோட தம்பி ரொட்டிக் கடையைப் பார்க்கட்டும்."

"இது ரங்கூன் இல்லை. என் சாமானை எவனோ பார்ப்பான்னு நான் விட்டுட்டுப் போகணுமா?"

"உன் சாமான் முன்னாடி நின்னா உனக்குக் கோபம் வரும். கோபம் வந்தா கம்பியை ஓங்குவே. ஓங்கினா அடிப்பே. நாளைக்குப் போலீஸ் வேலைக்கு வந்ததும் முதல்ல உன்னைத்தான் பிடிச்சுட்டுப் போவாங்க. கையில ஒண்ணும் இல்லாம அடுத்தவன் வாசல்ல நில்லு. நிதானம் தானா வரும்."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அதற்குள் அவர் ஸ்டாவ்ரோஸிடம் தம் பழைய போலீஸ் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். மதாம் லூசிக்கு என் ஐந்தாறு பிரெஞ்சு வார்த்தைகளை வைத்து நான் விளக்கினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவர் என் கடைக்கா?" என்று தம்பியிடம் கேட்டாள். பிறகு உள்ளே போய் எனக்கு ஒரு நாற்காலியும் சூடான காப்பியும் கொண்டுவந்தாள். காவல் நிற்கும் இடத்தில்தான் சாப்பிட வேண்டும் என்ற விதியை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

இருட்டத் தொடங்கும்போது ஒரு கார் வந்து நின்றது. நான்கைந்து இளைஞர்கள் இறங்கினார்கள். கையில் குழாய்த் துண்டுகள். என் கடைக்கு நேராகத்தான் போனார்கள். ஸ்டாவ்ரோஸ் மாவு படிந்த கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது உன் கடையா?" என்று ஒருவன் ஆங்கிலத்தில் கேட்டான்.

"இல்லை. அதோ அவனுடையது" என்று அவர் என்னைக் காட்டினார்.

"அப்படியென்றால் அவன் ஏன் அங்கே நிற்கிறான்?"

"அது அவனுடைய கடை இல்லை. அதனால் அங்கே நிற்கிறான்."

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். மதாம் லூசியின் தம்பியைப் பார்த்தார்கள். நடுத்தெருவில் பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்த கிழவரைப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். ஏதோ சொல்லிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்கள். அந்தக் காவல் முறையைக் கண்டுதான் போனார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஐயாவிடமே கேட்டேன். "ரொட்டிக்காரரோட கை தடிமனைப் பார்த்துட்டுப் போயிட்டானுங்க. ஆனா நீ யார் மண்டையையும் உடைக்கலை பார்த்தியா. அதுதான் நான் செஞ்சது" என்றார். ஸ்டாவ்ரோஸும் நானும் இன்றைக்கும் ஒருவர் கடைச் சாவியை ஒருவர் வைத்திருக்கிறோம்.

அடுத்த வருடம் அதே அக்டோபரில், தீவிரவாதிகள் பெரிய மனிதர்களைக் கடத்தியதால், நகரத்துக்குக் காவலாக ராணுவம் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வீட்டு வாசலில் துப்பாக்கியோடு ஒரு சிறு வயதுச் சிப்பாய் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார். "குளிர்ல நடுங்குது அந்தப் பிள்ளை. எந்த ஊர்னு கேட்டேன், பதில் சொல்லக்கூடாதாம். இந்தத் தெருவில அவனுக்கு ஒரு வாய் சூப் கொடுக்க வீடு இல்லை. அவன் யாரைக் காப்பாத்துவான் பாவம்" என்றார். ராணுவத்தைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

அவருடைய ரங்கூன் போலீஸுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். தெருக்கள் அடங்கின. கடைகளுக்குக் கதவு வந்தது. பிறகு புதிதாக ஒரு மேலதிகாரி வந்தார். ஜப்பானியரிடம் வேலை பார்த்தவர்களை எல்லாம் களையெடுக்க வேண்டும் என்றார். சபாபதியின் சேதி அவருக்குத் தெரியும். ஆனாலும், "நீ கெட்டிக்காரன், உன்னை வைத்துக்கொள்கிறேன். உன் ஆட்களில் யார் யார் என்று மட்டும் சொல்" என்றார். தெரியாது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கக்கூடும். சபாபதி அப்படிச் சொல்லவில்லை.

"தெரியும். சொல்ல மாட்டேன்" என்றார்.

வேலை போயிற்று. கப்பல் தளத்தில் மனைவியையும் குழந்தையையும் உட்கார வைத்துச் சென்னைக்கு வந்தார். பெரம்பூரில் ஒரு கிடங்குக்கு வாட்ச்மேனாக இருந்து அந்தப் பெண்ணைப் படிக்க வைத்தார். ஏன் சொல்லவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "பசிக்கு வேலை பார்த்தவங்க அவங்க. என்னை மாதிரியேதான். பேரைக் கொடுத்துட்டா அப்புறம் எவன்யா அடுத்தவன் வாசல்ல போய் நிப்பான்? பின்னால இருக்கிறவன் காட்டிக் கொடுக்க மாட்டான்னுதானே நின்னானுங்க." சரி, எனக்காவது சொல்லுங்கள், எல்லாம் முடிந்துபோன கதைதானே என்றேன். "நீயும் எனக்கு மேலதிகாரி ஆயிட்டியா?" என்று பொடி டப்பாவை மூடிவிட்டார்.

இப்போது நம் சங்கத்தைப் பற்றி. எழுபதுகளின் நடுவில் ஒரு பொங்கல். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடியிருந்தோம். அனுபவம் பேச அவரை நான்தான் வற்புறுத்தி மேடையேற்றினேன். பேச ஆரம்பித்ததும் ஒரு டாக்டர் எழுந்து, "ஜப்பான்காரன்கிட்டயும் வேலை பார்த்தீங்களாமே, நிஜமா?" என்றார்.

"பார்த்தேன் டாக்டர். உங்களுக்குச் சொன்னவர் சரியாத்தான் விசாரிச்சிருக்கார்."

யாரோ சிரித்தார்கள். "அப்போ எந்தக் கொடிக்கு விசுவாசமா இருந்தீங்க?"

"வீட்டைப் பறிகொடுத்தவ எந்தக் கொடி பறக்குதுன்னு பார்த்து அழறதில்லை. திருடனும் கொடி பார்க்கிறதில்லை. நடுவில நான் மட்டும் ஏன் அண்ணாந்து பார்க்கணும்?"

பின்வரிசையில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், "ஐயா, நீங்கள் கதையுங்கோ. நாங்கள் கேக்கிறம்" என்றார். அவர் ஒருவர்தான் கேட்டார். சாப்பாடு ஆறுகிறது என்று தலைவர் அறிவித்தார். நாற்காலிகள் நகர்ந்தன. சபாபதி ஐயா மேடையிலிருந்து தானே இறங்கி வந்து வரிசையில் தட்டை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு இந்த ஊரில் அவர் 'ஜப்பான் போலீஸ்' ஆனார். அவர் காதுபடவே சொன்னவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இறுதிச் சடங்கு முடிந்த வாரம் ஒரு முதியவர் கடைக்கு வந்தார். யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தார். உங்களில் பலர் அவருக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்பவர்கள். எந்தப் பேட்டை, எந்தக் குடும்பம் என்று எழுத மாட்டேன். மூட்டை மேல் கை வைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"கையில சாக்குத் துணி கட்டிக்கிட்டு பர்மாத் தெருவில நின்னவன் நான். அந்தக் காலத்திலயும் அவர்கிட்ட இருந்தேன், அதுக்கு முன்னால ஜப்பான் காலத்திலயும் இருந்தேன். அவர் பேரைச் சொல்லியிருந்தா நான் ஜெயில்ல கிடந்திருப்பேன். என் பிள்ளைங்க படிச்சிருக்க முடியாது. இந்த ஊர்ல முதல் தடவை சங்கத்தில நேருக்கு நேர் பார்த்தோம். அவர் என்னைப் பார்த்துட்டு, முன்னப் பின்னப் பார்த்ததே இல்லாத ஆள் மாதிரி, 'தம்பிக்கு எந்த ஊர்?'னு கேட்டார்."

அந்தப் பொங்கலன்றும் அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். டாக்டர் கேள்வி கேட்டபோது, மேடைக்கு எதிரே, மனைவி மக்களோடு உட்கார்ந்திருக்கிறார். சபாபதி ஐயா அந்தப் பக்கம் திரும்பவே இல்லையாம். "நான் எழுந்திருக்கலை" என்று மட்டும் சொன்னார். போகும்போது, "எழுதுங்க. என் பேர் வேண்டாம். பசங்களுக்குத் தெரியாது" என்றார்.

இதுவரை எழுதியதைத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அன்று மாலையே போன் செய்தார். குரல் மாறியிருந்தது. "இதெல்லாம் உண்மைன்னா பெரிய விஷயம். ஆனா ஆதாரம் வேணுமே. நாளைக்கு யாராவது கேட்டா? அந்த ஆள் யாருன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க. அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மலர்ல முழுசாப் போடறேன். மண்டபத்தில படத்திறப்பும் வைக்கலாம். நானே தலைமை தாங்குறேன்."

அவர் உண்மையாகத்தான் சொன்னார். ஒரு பெயர். அதைக் கொடுத்தால் இத்தனை வருடம் ஒட்டிக்கிடந்த 'ஜப்பான் போலீஸ்' பட்டம் சபாபதி ஐயாவை விட்டுப் போகும். விசாலாட்சியின் பிள்ளைகள் தாத்தாவின் படத்துக்கு மாலை விழுவதைப் பார்ப்பார்கள். அவளிடம் கேட்டேன். "எனக்கு ஆசையாத்தான் இருக்கு சித்தப்பா" என்றாள். பிறகு, "ஆனா அப்பா வேலையைத் தொலைச்சது எதுக்கு? வேண்டாம்" என்றாள்.

தலைவரைக் கூப்பிட்டு, அந்த ஆளை எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்றேன். அப்படியானால் பத்து வரிதான் போட முடியும் என்றார். அந்தப் பத்து வரியும் வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன்.

எனவே இது மலரில் வரவில்லை. என் செலவில் அச்சிட்டு என் கடையில் வைத்திருக்கிறேன். சபாபதி ஐயாவுக்குப் படத்திறப்பு இல்லை, இரங்கல் தீர்மானம் இல்லை. பட்டம் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். அதைச் சுமக்க முடியாதவராக அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

அவர் எனக்கு எதையும் எழுதிவைக்கவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். தெரியாது என்று பொய் சொல்லித் தப்பாமல், தெரிந்ததைச் சொல்லித் தப்பவும் செய்யாமல், கேட்பவரின் முகத்தைப் பார்த்து நிற்பது. இந்தத் தாளை மடித்துக்கொண்டு யார் அந்த மனிதர் என்று கேட்க நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். வாருங்கள். கடையில் உள்ள எதையும் எடைபோட்டுத் தருவேன். அந்தப் பெயரைத் தர மாட்டேன்.